கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

"அமரவிளை" என்று சொல்லிக்கொண்டே தலையை வலது பக்கம் திருப்புகிறார் ரெஜிலா. இரண்டு எட்டு நடக்கிறார். "உதியங்குளங்கரை" என்று இடது பக்கம் திரும்புகிறார். மறுபடி வலது பக்கம், "செங்கல்." உண்மையில் வலது பக்கம் இருப்பது பாசனக் கால்வாய், இடது பக்கம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். வெயில் ஏறுவதற்குள் கால்வாய்க் கரையில் இப்படியே பொழியூர் வரை பெயர் சொல்லிப் போய், அதே பெயர்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். தலையில் ஒரு ஸ்கார்ஃப், பாதி முகத்தை மறைக்கும் பெரிய கண்ணாடி, கூடவே ஒரு குடை. அது மழைக்கு அல்ல, சாய்ந்தால் ஊன்றிக்கொள்ள. முதல் வாரங்களில் ஊன்றித்தான் நடந்தார். இப்போது குடை கக்கத்தில் சும்மா கூட வருகிறது.

கரையில் புல் அறுக்க வரும் பங்கஜாட்சி இதைப் பார்த்துவிட்டு முதலில் பயந்துபோனார். தலையில் ஆபரேஷன் செய்த பொம்பளை. எதையாவது எடுக்கப் போய் எதையாவது எடுத்துவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம். "பஸ்ஸு இல்லாம எதுக்கு பிள்ளே ஸ்டாப்பு விளிச்சிட்டு போறே?" என்று கேட்டேவிட்டார்.

"தலையைத் திருப்பித் திருப்பி நடக்கணும்னு டாக்டர் பறஞ்சிருக்காரு. சும்மா திருப்பினா பைத்தியம் மாதிரி இருக்கும்லா? அதான் ஸ்டாப்பு விளிக்கேன்."

எது பைத்தியம் மாதிரி இருக்கும், எது இருக்காது என்பதில் ரெஜிலாவுக்கு என்று ஒரு கணக்கு உண்டு.

நெய்யாற்றின்கரையிலிருந்து பொழியூர் போகும் அரசு பஸ்ஸில் அவர் கண்டக்டர். நான் பல வருஷமாக அந்த பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன். அதாவது, பல வருஷமாக அவரிடம் திட்டு வாங்கி வருகிறவன். படியில் நிற்காதே, பையை மடியில் வை, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே. என் தலை நரைத்த பிறகும் இதில் ஒன்றும் மாறவில்லை. செங்கல் கோயிலுக்குப் போகும் வெளியூர்க்காரர்கள் தமிழில் கேட்டால் தமிழ், மலையாளத்தில் கேட்டால் மலையாளம். திட்டு மட்டும் இரண்டும் கலந்து வரும்.

ஆனால் அவரைப் பார்த்தவர்கள் மறக்காதது திட்டை அல்ல, அவர் நிற்பதை. ஓடுகிற பஸ்ஸில் ரெஜிலா எதையும் பிடிக்கமாட்டார். காலைச் சற்று அகட்டி, இடுப்பை ஒரு சீட்டின் மூலையில் லேசாகச் சாய்த்து, ஒரு கையில் டிக்கெட் மெஷினும் மறு கையில் சில்லறையுமாக நிற்பார். செங்கல் தாண்டி ஒரு வளைவு இருக்கிறது. ரோடு இறக்கத்தில் போய்ச் சட்டென்று மடங்கும் இடம். ஏறிய நாள் முதல் பழகியவர்கள்கூட அங்கே கம்பியைத் தேடுவார்கள். ரெஜிலா அந்த நேரம் பார்த்து மெஷினில் பேப்பர் ரோல் மாற்றுவார். ஒருநாள் நான் வியந்து கேட்டதற்கு, "கம்பியைப் பிடிச்சா அவன் யாத்ரக்காரன். பிடிக்காட்டி கண்டக்டர். அவ்வளவாக்கும் வித்தியாசம்" என்றார். அதில் பெருமை இருந்தது. இல்லாமல் என்ன.

போன வருஷம் அந்த நிற்பில் ஏதோ கோளாறு வந்தது. வளைவில் ஒரு கை தானாகச் சீட்டைத் தொட்டது. பிறகு பிடித்தது. இதற்கு முன்னாலேயே இடது பக்கத்திலிருந்து டிக்கெட் கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்லாமல் போக ஆரம்பித்திருந்தார். மேடத்துக்குத் திமிர் கூடிவிட்டது என்று பஸ்ஸில் பேச்சு. அவரோ ஃபோன் சரியில்லை என்று புது ஃபோன் வாங்கினார். எஞ்சின் சத்தம் கூடுதல் என்று டிப்போவில் புகார் சொன்னார். நிற்க முடியாமல் போனதற்கும் அவரிடம் காரணம் தயாராக இருந்தது: டிரைவர்.

டிரைவர் சிஜு அதியன்னூர்க்காரன், ரெஜிலாவைவிட இளையவன், அதிர்ந்து பேசாத ஆள். "எலே, நீ வண்டி ஓட்டுகியா, தொட்டில் ஆட்டுகியா?" என்று தினமும் அவனுக்கு அர்ச்சனை நடந்தது. கம்பியைப் பிடிக்காதவர் தடுமாறினால் தப்பு வண்டியில்தானே இருக்க வேண்டும்? கண்டக்டர் அல்லாத வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. சிஜுவும் அதை நம்பினான். மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்பிரிங் பட்டைகளைப் பார்க்கச் சொன்னான். டயரைப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்றானதும் வேகத்தைக் குறைத்தான், பிறகு இன்னும் குறைத்தான். பொழியூருக்குப் போக வேண்டிய நேரத்துக்கு நாங்கள் பிலாமூட்டுக்கடையில் நின்றோம். பஸ்ஸில் இருந்த எல்லோருமாகச் சேர்ந்து சிஜுவைத் திட்டினோம்.

கடைசியில் ஒருநாள் அந்த வளைவில் ரெஜிலா விழுந்தார். நெய்யாற்றின்கரை சந்தையில் மீனை விற்றுவிட்டுக் காலி அலுமினியச் சருவத்தோடு திரும்பிக்கொண்டிருந்த பிரேமகுமாரியின் மடியில் போய் உட்கார்ந்தார். "எனக்க மடியிலயா ஒனக்கு சீட்டு போட்டு வச்சிருக்கு?" என்று பிரேமகுமாரி கேட்க, பஸ் முழுக்கச் சிரித்தது. ரெஜிலா எழுந்து நேரே முன்னால் போய், எல்லோர் முன்னாலும் சிஜுவைக் கிழித்துப்போட்டார். அவன் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னான்.

"அக்கா, ஆளு நடக்கிய வேகத்திலயாக்கும் வண்டி போச்சு. இதுக்கு மேல கொறைக்க ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு டாக்டரை காணணும்."

திருவனந்தபுரத்தில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை, ஆனால் விட்டால் வளரும். கேட்பதற்கும், தடுமாறாமல் நிற்பதற்கும் அந்த ஒரு நரம்புதான் வழி. கணவர் பொன்னுதாஸ் அங்கேயே அழுதுவிட்டார். ரெஜிலா டாக்டரைப் பார்த்து, "அப்போ வண்டிக்கு கொழப்பம் ஒண்ணும் இல்ல?" என்று கேட்டார். எந்த வண்டி என்று டாக்டருக்குப் புரியவில்லை.

வெளியே வந்ததும் சிஜுவுக்கு ஃபோன் போட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை ரெஜிலாவிடம் கிடையாது. "எலே சிஜு, வளைவு ரோட்டில இல்ல மக்கா. எனக்க தலைக்குள்ளயாக்கும்" என்றார்.

கட்டியை எடுத்தால் இடது காது போகும், அந்தப் பக்கத்துச் சமநிலையும் போகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மிச்சமிருக்கும் வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கத்து வேலையையும் செய்யக் கற்றுக்கொள்ளுமாம். படுத்தே கிடந்தால் கற்றுக்கொள்ளாது, தலை சுற்றச் சுற்ற நடந்தால்தான் கற்றுக்கொள்ளும். "டபுள் டூட்டிதானே? நான் பாக்காத டபுள் டூட்டியா" என்று சொல்லிவிட்டுத்தான் ரெஜிலா ஆபரேஷன் அறைக்குள் போனார்.

அந்தத் தைரியம் கண் விழித்ததும் போய்விட்டது என்பதையும் அவரே சொல்கிறார். தலையை அசைத்தால் கட்டில் சுற்றியது. முகத்தின் இடது பாதி இறங்கிவிட்டது. இடது கண் மூடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், படுக்கும் முன் இமையை இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டி மூடுவது பொன்னுதாஸின் வேலையாக இருந்தது. பகலெல்லாம் மணிக்கொரு தரம் அந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். அதற்கு ஃபோனில் அலாரம். அலாரம் அடித்தால் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒற்றைக் காதுக்குத் தெரியாது. வீடு முழுக்கத் தேட வேண்டும். மருந்தைத் தானாக விட்டுக்கொள்ளவும் முடியாது. அண்ணாந்தால் போதும், அறை கவிழ்ந்துவிடும். கட்டிலில் படுக்க வைத்துத்தான் பொன்னுதாஸ் விடுவார். ஒரு சொட்டு மருந்துக்கு இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறதே என்று ரெஜிலா அழுததை நான் ஒருமுறை பார்த்தேன். அழுகையும் ஒரு கண்ணில்தான் வந்தது.

பொன்னுதாஸ் டைல்ஸ் வேலை செய்கிறவர். ஊரில் பாதி வீடுகளின் தரை அவர் போட்டது. அவர் வீட்டுத் தரை மட்டும் வெறும் சிமெண்ட். கல்யாணமான நாள் முதல் ரெஜிலா கேட்டுக் கேட்டு ஓய்ந்த விஷயம் அது. இப்போது நேர்கோட்டில் அடி மேல் அடி வைத்து நடந்து பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அன்று மாலையே மனிதர் நூல் பிடித்து, வராந்தாவிலிருந்து அடுக்களை வரை ஒரே ஒரு வரிசை வெள்ளை டைல்ஸ் பதித்துவிட்டார். இரு பக்கமும் பழைய சிமெண்ட், நடுவில் பளபளவென்று ஒரு வெள்ளைப் பாதை. "தரைக்கு டைல்ஸ் கெடைக்க நான் தலையைக் கீற வேண்டியதாப் போச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் ரெஜிலா அதைக் காட்டுவார். அந்த வரிசையில் சுவரைப் பிடித்து நடந்தார், பிறகு விரல் நுனியால் தொட்டு நடந்தார், பிறகு தொடாமல் நடந்தார். கீழே விழுந்ததும் உண்டு. விழுந்தால் எழுந்து, விழுந்த இடத்திலிருந்து அல்ல, வராந்தாவிலிருந்து மறுபடி தொடங்குவார்.

பார்க்க வந்தவர்களுக்கும் குறைவில்லை. சர்ச் சபையிலிருந்து பெண்கள் சங்கத்தார் ஹார்லிக்ஸோடும் பாட்டுப் புத்தகத்தோடும் வந்தார்கள். உண்மையான அக்கறையோடு வந்தவர்களும் உண்டு, எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று கண்டுபிடிக்க வந்தவர்களும் உண்டு. ரெஜிலா கட்டிலுக்கு இரு பக்கமும் நாற்காலி போட்டு வைத்திருந்தார். வலது நாற்காலி பேச்சுக் கேட்க வேண்டியவர்களுக்கு. மற்றவர்களை "இன்னா, இப்படி இரிங்க" என்று மிகுந்த மரியாதையோடு இடது நாற்காலியில் உட்கார வைப்பார். அவர்கள் எவ்வளவு நேரம் பேசினாலும் தலையை ஆட்டிக்கொண்டு பொறுமையாக இருப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு ரெஜிலாவுக்கு என்ன சாந்தம் என்று சபையில் சொல்லிக்கொண்டார்களாம்.

கேட்காத அந்தக் காதுக்குள் ஒரு சத்தம் மட்டும் நிற்காமல் இருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் மணிக் கயிற்றை ஒருமுறை இழுத்தால் நில், இரண்டுமுறை இழுத்தால் போ. "உள்ள ஒருத்தன் இருந்து சிங்கிள் பெல்லு மட்டும் அடிச்சிட்டே இருக்கான். சவத்துப் பய, டபுள் பெல்லு அடிக்கவே மாட்டேங்கான்" என்பார். முகத்தைப் பற்றிக் கேட்டால், "நான் முன்னாடியும் முழுசா சிரிச்சதில்லல்லா, பாதி போதும்" என்று பதில். "நல்ல காலம், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வேலை கிட்டல்ல. தமிழ்நாட்டு பஸ்ஸில விசிலு ஊதணும். இந்த வாயை வச்சிட்டு ஊதினா காத்துதான் வரும்." சாயா குடிக்கும்போது மட்டும் இடது கன்னத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். அந்த நேரம் யாரும் தன்னைப் பார்க்காமல் இருப்பது அவருக்குப் பிடிக்கும்.

முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்துகொண்டிருந்தபோது டிப்போவிலிருந்து செய்தி வந்தது. கன்ட்ரோலர் மோகனன் சார் நல்ல மனிதர். இனி ஓடுகிற பஸ்ஸில் ஏற வேண்டாம், விசாரணை கவுண்டரில் உட்காரட்டும் என்று அவராகவே ஏற்பாடு செய்துவிட்டார். ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு, நிற்க வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ரெஜிலா மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"கண்ணாடிக்கு ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் பத்து பேரு நின்னு கத்துவான். ஒத்தக் காதுக்கு அதுல என்ன கேக்கும்?" என்று முதலில் நியாயம் பேசினார். பிறகு வெள்ளை டைல்ஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "அது இல்ல சாரே. கவுண்டர்ல இருந்தா நான் ஒண்ணும் செத்துப்போவ மாட்டேன். ஆனா பொழியூர் வண்டி போகச்சில, நான் அதை ஜன்னல் வழியா பாத்துட்டு இருக்கணும்லா." அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடிந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மோகனன் சாரிடம் போய் வாதாடினார். "சரி, யாத்ரக்காரியா ஏறி ஒரு டிரிப்பு நின்னு காட்டு. சிஜு சரின்னு பறஞ்சா நானும் சரின்னு பறயும்" என்று அவர் இறங்கி வந்தார்.

அந்த டிரிப் நடந்தது. ரெஜிலா நடுவில் நின்றார். எதையும் பிடிக்கவில்லை. சாயவும் இல்லை. வளைவும் வந்தது, போனது. பஸ்ஸில் கைதட்டல்கூட எழுந்தது. ஆனால் ரெஜிலாவின் முகம் சிவந்துபோயிருந்தது. சிஜு அன்று முட்டை ஏற்றிப் போகிறவனைப் போல ஓட்டியிருந்தான். சைக்கிள் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பிலாமூட்டுக்கடையில் ரெஜிலா இறங்கி டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"இது ஓட்டமா, ஊர்வலமா? சீக்கு எனக்கா, ஒனக்கா?"

"அக்கா, நீங்க விழுந்தது எனக்க கண்ணுக்குள்ளயே நிக்கி" என்றான் சிஜு. "அந்த எடம் வந்தா கால் தானா பிரேக்குக்கு போவுது. நான் என்ன செய்ய?"

வேறு யாராக இருந்தாலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சிஜு சரி என்று சொல்லத் தயார், மோகனன் சார் கேட்கத் தயார். ரெஜிலா மறுநாள் டிப்போவுக்குப் போய், "அந்த டிரிப்பு கணக்கில்ல சாரே. அவன் வண்டி ஓட்டல்ல" என்று தானே சொல்லிவிட்டு வந்தார். மோகனன் சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். சரி, இன்னும் ஒரே ஒருமுறை, அதிலும் நடக்காவிட்டால் கவுண்டர்தான் என்றார்.

அந்த இன்னொரு முறை, போன வாரம். சாயங்கால டிரிப், மழை வேறு. நான் நாலாவது வரிசையில் இருந்தேன். ரெஜிலா இருந்த இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கண்டக்டர் டெனில், அவரிடமே டிக்கெட் கேட்கத் தயங்கி நின்றான். "யாத்ரக்காரிக்கு டிக்கெட்டு வேண்டாமா? எலே, இப்படியாக்கும் நீ டூட்டி பாக்கியது?" என்று ஒரு திட்டு. பழைய இடத்தில், பழைய சீட்டின் மூலையில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டார். பிரேமகுமாரி காலிச் சருவத்தைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, "மடி ஒழிஞ்சுதான் கெடக்கு, வேணும்னா சொல்லு" என்றார். இடது பக்கமிருந்து வந்த பேச்சு அது. ரெஜிலாவுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. "பேசுகவிய கையைப் பொக்கிட்டு பேசுங்க" என்று பஸ் முழுவதற்கும் உத்தரவு போட்டார். பிரேமகுமாரி கையைத் தூக்கிக்கொண்டு அதையே மறுபடி சொன்னார். ரெஜிலா பாதிச் சிரிப்பு சிரித்தார். பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

உதியங்குளங்கரை வரை பஸ் ஒழுங்கான வேகத்தில்தான் போனது. செங்கலில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். இறக்கம் தொடங்கியது. வளைவு கண்ணுக்குத் தெரிந்ததும் பஸ் மெல்லத் தளர்ந்தது. சிஜுவின் கால் தன் வேலையைக் காட்டிவிட்டது. இந்தத் தடவையும் இப்படியே முடிந்தால் கவுண்டர்தான் என்பது பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரியும்.

ரெஜிலா டெனிலின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கயிற்றை இழுத்தார். விட்டு, மறுபடி ஒருமுறை இழுத்தார். டிங், டிங்.

டூட்டியில் இல்லாதவர் மணி அடிக்கக் கூடாது. டெனில் ஒதுங்கி வழிவிட்டான். முன்னால் கண்ணாடியில் சிஜுவின் கண்கள் தெரிந்தன. ரெஜிலா அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். டபுள் பெல் கேட்டால் டிரைவர் போயாக வேண்டும். பஸ் உறுமியது. பழைய வேகத்தில், எங்களுக்கெல்லாம் பழகிய அதே வேகத்தில், வளைவுக்குள் இறங்கியது.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிரேமகுமாரியின் சருவம் சறுக்கிக்கொண்டு பின்படி வரை போனது. டெனில் எட்டிக் கம்பியைப் பிடித்தான். நான் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பி ரெஜிலாவைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் அவருடைய பைக்குள் அலாரம் அடித்தது. வளைவு இன்னும் முடியவில்லை. ரெஜிலா பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நன்றாக அண்ணாந்து, ஒரு கையால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டார்.